குளத்தில் போட்டாலும் அளந்து போடு

பந்து பக்கத்து வீட்டுக்குள் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பந்தையும் வாங்கிக்கொண்டு வந்து வளர்ந்தவர்கள் நாம். பந்தைத் தொலைப்பதற்கென்றே முன்பதிவு செய்து, விமானம் ஏறி, காசு கட்டிப் போகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் கோல்ஃப்.

அதிலும் உத்தமமான இடம், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரத்துக்குப் பக்கத்தில், போன்டே வெட்ரா பீச் என்ற ஊரில் இருக்கிறது. டிபிசி சாகிராஸ், ஸ்டேடியம் கோர்ஸ். அதன் 17-ஆம் குழி, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பச்சைத் திட்டு. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பந்துகள் அந்தக் குளத்தில் விழுவதாகக் கணக்கு சொல்கிறார்கள். நானும் என் மச்சினனும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். அந்த அருகதையில் இந்த யோசனைகள்.

1. வீட்டில் அனுமதி

‘கோல்ஃப்’ என்ற சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். ‘பீச் ரிசார்ட்’ என்று ஆரம்பியுங்கள். பொய் இல்லை. ஊரின் பெயரிலேயே பீச் இருக்கிறது, அட்லான்டிக் கடலும் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் நின்றால் கடல் தெரியாது. சதுப்புக் காட்டை வெட்டித் திருத்திய இடம் அது, கடற்கரைக்குக் காரில்தான் போக வேண்டும். மனைவி, பிள்ளைகளைக் காலையில் கடலோரம் இறக்கிவிட்டால் மாலைவரை உங்களைத் தேட மாட்டார்கள். அன்றைக்கு நீங்கள் பார்க்கப்போகும் தண்ணீர் வேறு.

2. பணம்

இந்த இடத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் தெரியுமா? 415 ஏக்கர், ஒரே ஒரு டாலர். தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்பின் தலைவராக இருந்த டீன் பீமன் அந்த விலைக்கு வாங்கினார். நீங்கள் அதில் ஒரே ஒரு தடவை சுற்றிவரக் கட்டப்போவது பல நூறு டாலர். கூடவே வரும் ‘கேடி’ (caddie) என்ற உதவியாளருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு தனி.

ஒரு டாலருக்கு விற்றவர்கள் ஏமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றியிருந்த நிலமும் விற்றவர்களிடமே இருந்தது. கோயில் கட்ட இடத்தை இனாமாக எழுதிக் கொடுத்துவிட்டு, சன்னதித் தெரு முழுக்கக் கடை கட்டி வாடகைக்கு விடுகிற புத்திசாலியை நாம் பார்த்ததில்லையா? அதுதான். நீங்கள் தேங்காய் வாங்க வந்த பக்தர்.

3. எப்போது போவது?

மார்ச்சில் அங்கே பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் என்ற தொழில்முறைப் போட்டி நடக்கும். அந்த வாரம் உங்களுக்கு வேலியோரத்தில்தான் இடம். கொஞ்சம் தள்ளி ஏப்ரலில் போனால் நல்ல வெயில், நல்ல காற்று, நல்ல விலை. ‘நல்ல’ என்பது அவர்களுக்கு.

ஜூலையில் விலை குறையலாம். அது சென்னை அக்னி நட்சத்திரம் விசா வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். பத்தாவது நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும். எச்சரிக்கைச் சங்கு ஊதினால் உடனே ஓடிவிடுங்கள். வெட்டவெளியில் கையில் இரும்புக் கம்பி பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பது வானத்துக்கும் தெரியும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. மூட்டை கட்டுதல்

காலர் வைத்த சட்டை வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம். மட்டைகள் 14-க்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. அந்தக் கவலை வேண்டாம், நம்மில் பலருக்கு மூன்றே மூன்றுதான் கைக்கு அடங்கும்.

பந்துக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. அதில்தான் நம் சேமிப்புப் புத்தி வேலை செய்ய வேண்டும். 17-ஆம் குழிக்குப் புதுப் பந்து எடுப்பது, ஹோலிக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். குளங்களிலிருந்து எடுத்துக் கழுவிய பழைய பந்துகள் மலிவாகக் கிடைக்கும். நீந்திப் பழகிய பந்துகள், அதிர்ச்சி அடையாது.

5. கேடியிடம் நடந்துகொள்ளும் முறை

கேடி உங்கள் பையைத் தூக்குபவர் என்று நினைத்தால் தவறு. குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டியவர். முதல் குழியில் நீங்கள் மட்டையைச் சுழற்றும்போதே உங்கள் ஜாதகத்தை எழுதி முடித்துவிடுவார்.

என் மச்சினன் கேட்டான்: “இந்தத் தூரத்துக்கு எந்த மட்டை எடுக்கணும்?”

“நன்றாக அடிப்பவர் என்றால் ஒன்பதாம் எண்.”

“எனக்கு?”

அவர் தண்ணீரைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். “உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள் சார்” என்றார்.

பந்து கரையோரம் விழுந்து, அதன் பக்கத்தில் முதலை படுத்திருந்தால், அந்தப் பந்து முதலையுடையது. வாதாட வேண்டாம். ஃப்ளோரிடாவில் நன்னீர் எங்கே இருந்தாலும் அதில் முதலை இருக்கும் என்று எண்ணிக்கொள்வதே உடம்புக்கு நல்லது.

6. பதினேழாம் குழி

கதையைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள், தோல்விக்கு ஒரு கௌரவம் வரும். மைதானத்தை வடிவமைத்தவர் பீட் டை. 17-ஆம் குழிப் பக்கத்தில் நல்ல மணல் கிடைத்ததால் மற்ற இடங்களை மேடேற்ற அங்கிருந்தே தோண்டித் தோண்டி எடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் பெரிய பள்ளம். “தண்ணீரை விட்டு நடுவில் தீவு வைத்துவிடுங்கள்” என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ் டை, அவரும் கோல்ஃப் வீராங்கனை. யோசனை மனைவியுடையது, வசவு கணவருக்கு. 1982-இல் பிளேயர்ஸ் போட்டி முதன்முதலாக அங்கே நடந்தபோது, வென்ற ஜெரி பேட், டீன் பீமனையும் பீட் டையையும் 18-ஆம் குழிக் குளத்தில் தள்ளிவிட்டுத் தானும் குதித்தார். கோப்பையோடு அந்த வாய்ப்பும் வென்றவருக்கே கிடைத்தது. மற்றவர்களுக்கு ஆசை மட்டும்தான்.

தூரம் 137 கஜம்தான். பள்ளிக்கூட மைதானத்தை விடக் கொஞ்சம் அதிகம். ஆனால் காற்று திசைக்குத் திசை மாறும். தண்ணீரில் விழுந்தால் அபராதம் ஒன்று, அடுத்தது உங்கள் மூன்றாவது அடி. 1986-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்ற பாப் ட்வே, 2005-இல் இங்கே நாலு பந்தைக் குளத்துக்குக் கொடுத்து, இந்த ஒரு குழிக்கே 12 அடி எடுத்துக்கொண்டார். 1998-இல் ஒருவர் பந்து அழகாகப் புல்லில் போய் உட்கார்ந்தது. ஒரு கடற்புறா வந்து அதைக் கொத்தித் தூக்கித் தண்ணீரில் போட்டது. அவருக்கு அபராதம் இல்லை, பந்தைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார்கள். உங்களுக்கும் கடற்புறா அமையப் பிரார்த்தியுங்கள்.

ஒன்றும் சரிப்படாவிட்டால் ஏஞ்சலோ ஸ்பக்னோலோவை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை மேலாளர். அமெரிக்காவின் மிக மோசமான கோல்ஃப் ஆர்வலர் யார் என்று 1985-இல் இதே மைதானத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். மொத்தம் 257 அடித்துப் பட்டத்தை வென்றார். 17-ஆம் குழிக்கு மட்டும் 66. எப்படி முடித்தார்? தீவு என்றாலும் ஆள் நடந்துபோக ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறதல்லவா? பந்தைத் தரையோடு தரையாக அந்தப் பாதை வழியே உருட்டிக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டார். நேர்வழி என்பது இதுதான்.

7. முடிவில்

நான் ஐந்து பந்து எடுத்துப் போயிருந்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர்க்காரன். கேடி 137 கஜம் என்றார், கருவியை வைத்து நானும் ஒரு தடவை அளந்துகொண்டேன். முதல் மூன்றும் நேராகக் குளம். நாலாவது, திட்டைச் சுற்றி அடித்திருக்கும் மரக்கட்டைகளில் ‘டொக்’ என்று மோதி, ஒரு நிமிடம் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகத் திரும்பி விழுந்தது. ஐந்தாவது புல்லில் இறங்கி, உருண்டு, யோசித்து, மறுபக்கம் இறங்கியது. குளத்தில் வட்டம் வட்டமாக அலை விரிந்து அடங்கும்வரை மச்சினன் வாயைத் திறக்கவில்லை. சொந்தம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சாயங்காலம் கடற்கரையிலிருந்து மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, பந்து உள்ள போச்சா?”

“போச்சு” என்றேன். “அஞ்சும் உள்ளதான் போச்சு.”