கொல்லைக் குளத்தில் உப்பிடல்: ஒரு திணையியல் நோக்கு

ஜொகூரின் ஸ்கூடாயில் வீட்டுக் கொல்லை மீன்குளத்துக்கு உப்பு இடலாமா என்ற வினாவை முறையான ஆய்வுலகம் இதுகாறும் தீண்டவில்லை. கிடைக்கும் சான்றெல்லாம் வாய்மொழி மரபே. தாமான் யுனிவர்சிட்டி மரபு ‘ஒரு பிடி கல்லுப்பு’ என்கிறது (பக்கத்து வீட்டார், வேலியோர உரை). முத்தியாரா ரினி மரபு ‘இரண்டு பிடி’ என்று மறுக்கிறது (மேற்படியாரின் மைத்துனர், தொலைபேசி வழி, சிக்னல் போனதால் முடிவுரை இல்லை). இரண்டுக்கும் மூலபாடம் ஒரு மீன்கடைக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய அட்டையே என்றும், கரையான் தின்ற அதன் கடைசி வரியில் ‘போடாதீர்’ என்று இருந்ததாகவும் சொல்வர். அவ்வரி இடைச்செருகல் என்போரும் உளர்.

முதலில் இலக்கணத் தடையைக் களைவோம். வயலும் குளமும் மருதம். உப்பு நெய்தலின் சரக்கு, உமணர் வண்டியேற்றி விற்றது. மருதக் குளத்தில் நெய்தல் உப்பைக் கொட்டலாமா எனப் புலவர் சினப்பர். உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். ஆகவே, உப்பிட்ட பின் வீட்டில் நிகழ்வது என்ன என்பதே கேள்வி. அடுப்படி உப்பு ஜாடி காலியாகி வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஊடல், மருதம் பிழைத்தது. விடிந்ததும் மீன் மல்லாந்து மிதந்தால் இரங்கல்; குளம் நெய்தலாகிவிட்டது. இரண்டும் ஒரே காலையில் நிகழ்ந்தால் அறிஞர் இரு அணியாகப் பிரிவர் (காண்க: ‘மல்லாந்த மீனும் மயங்கிய திணையும்’, அச்சேறாத ஆய்வேடு; மூன்று நெறியாளர் கையொப்பமிட்டது, ஒருவரும் படிக்காதது; படியெடுத்த கடை மூடப்பட்டதால் இரண்டாம் இயல் மட்டும் எஞ்சியது). பாட்டின் காலத்தை அளப்பதிலேயே நம் அறிஞர்க்குப் பொழுது போய்விடுவதால் குளத்தை அளக்க யாருக்கும் நேரமில்லை. ஸ்கூடாய் ஆறோ யாரையும் கேளாமல் ஜொகூர் நீரிணையில் போய்க் கலந்துகொண்டிருக்கிறது.

இனி மீனின் தரப்பு. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு. குளத்து நீரில் அநேகமாக இல்லை. அதனால் செவுள் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறும். மீன் அதைச் சிறுநீராய்க் கழித்துக்கொண்டே இருக்கும். நோயுற்ற, அடிபட்ட மீனுக்கு இது பெரும்பாடு. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு அந்தப் பாட்டைக் குறைக்கும். புதுக்குளத்தில் நைட்ரைட் ஏறி இரத்தம் பழுப்பாகும்போது, உப்பிலுள்ள குளோரைடு அதைச் செவுளிலேயே மறிக்கும். அப்படியானால் எந்நாளும் இட்டு வைக்கலாமே என்பர். கூடாது: தண்ணீரைக் கழிப்பது நலமான கோய் மீனுக்குப் பிறவித் தொழில், அதற்கு உதவியாள் வேண்டியதில்லை. ஆகாயத்தாமரையும் அல்லியும் வாடும். அம்மோனியாவை உறிஞ்சப் போட்ட சியோலைட் கல், உப்பைக் கண்டதும் பிடித்துவைத்ததை எல்லாம் திருப்பிக் கக்கும். திலாப்பியாவுக்கோ உப்பிட்டாலும் இடாவிட்டாலும் ஒன்றே.

எஞ்சியது ‘பிடி’ என்னும் அளவை. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழமுள்ள குளம் 1,800 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 3 கிராம் வேண்டுமானால் 5.4 கிலோ உப்பு. அதையும் கரைத்து, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஊற்ற வேண்டும். ஒரு பிடியால் மீன்மேல் இருக்கும் ஒட்டுண்ணிக்குத் தும்மல்கூட வராது. வெயிலில் குறைந்த நீரை நிரப்பும்போது மீண்டும் உப்பிட வேண்டாமா என்று வினவலாம். வேண்டாம், ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே கிடக்கும். நிரம்பிய அந்தக் குளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் மட்டும் 150 லிட்டர் வழிந்து, உப்பில் ஒரு பங்கும் அதோடு போகும். இது மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். இன்று அளந்த உப்பு அடுத்த வாரமும் அதே அளவில் இருக்கும் என்று நம்புவோர் உப்பு மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நலம். மீன் தேறியதும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கழித்த நீரை லோங்காங் எனும் வடிகாலில் விடுக, கறிவேப்பிலைக்கு ஊற்றற்க. கறிவேப்பிலை எத்திணைக்குரியது என்பது தனி ஆய்வு. நிதி கோரி விண்ணப்பம் போயிருக்கிறது.