வாயு லிங்கத்துக்கு ஒரு மனு: கேள்வி-பதில்

போன் செயலியில் நம் ஊர்க் காற்று முந்தாநாள் பச்சை, நேற்று மஞ்சள், இன்று ஆரஞ்சு. இரண்டே நாளில் திருவண்ணாமலைக்கு என்ன ஆகிவிட்டது?
(வேங்கிக்கால் வாசகி)

ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பஸ், அதே டீக்கடை அடுப்பு, அதே தெருமுனைக் குப்பை எரிப்பு. மாறியது வானிலை. புகை எவ்வளவு கிளம்புகிறது என்பது பாதிக் கதை. கிளம்பியது கலந்து கரைய எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது மீதிப் பாதி. வெயில் காய்ந்த பிற்பகலில் தரைக் காற்று சூடாகி ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் எழும்பிக் கலக்கும். அசைவற்ற குளிர் இரவில் அந்த உயரம் நூறு, இருநூறு மீட்டராகச் சுருங்கிவிடும். அப்புறம் ஆரஞ்சு வராமல் என்ன செய்யும்?

பி.எம். 2.5 என்கிற நுண்துகள், ஒரு நாள் சராசரியில், கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்னது 15. நம் நுரையீரல் நாலு மடங்கு பலசாலி என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

மகா தீபத்துக்கு 3,000 கிலோவுக்கு மேல் நெய். அதுவும் 11 நாள் எரிகிறது. ஊர் தாங்குமா?
(போளூர் வாசகர்)

நெய்யைக் கூண்டில் ஏற்றாதீர்கள். வானம் தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மலை உயரம் 2,668 அடி. தீபம் எரியும் உச்சி பெரும்பாலும் அந்த மூடிக்கு மேலே. அங்கே கிளம்பும் புகை ஊருக்குள் இறங்காமல், கார்த்திகை மாத வாடைக்காற்றோடு தென்மேற்கே, தண்டராம்பட்டுப் பக்கம் போய்க் கலைந்துவிடும். (தண்டராம்பட்டு வாசகர்கள் கோபிக்க வேண்டாம். வந்து சேருவதற்குள் அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.) வழக்குப் போடுவதானால் மூடிக்கு அடியில் நடப்பவற்றின் மீது போடுங்கள்: எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பஸ், வேன், கார், அப்புறம் வழிநெடுகக் கற்பூரம்.

பௌர்ணமி கிரிவலம் போய்வந்தால் மறுநாள் தொண்டை கரகரக்கிறது. 'அரோகரா' அதிகமாகிவிட்டதோ?
(ஆரணி வாசகர்)

அரோகராவுக்கு அவ்வளவு வலிமை கிடையாது. நிலா பளிச்சென்று தெரிகிறது என்றால் மேகம் இல்லை. மேகம் இல்லாவிட்டால் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும்; மூடி இறுக்கமாக விழும். நிலா மேல் தப்பில்லை, ஆனால் நல்ல நிலவும் கெட்ட காற்றும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அந்த நேரம் பார்த்து 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் மூச்சு வாங்க நடக்கிறோம். வழியில் வாயு லிங்கம் உட்பட எட்டு லிங்கத்திலும் கற்பூரம். கற்பூரம் மிச்சமில்லாமல் கரைந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அது விடும் கரும்புகையைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கரி பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. மூக்கில் நிற்காது, நேரே நுரையீரலுக்குப் போகும்.

நுரையீரலைக் கேட்டால் பகல் 12 மணிக்கு நட என்னும். வெறுங்காலைக் கேட்டால் தார் ரோட்டைக் காட்டி அழும். சமரசமாக, மாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். முக்கால்வாசி தூரத்தை மூடி இறுகுமுன் கடந்துவிடலாம்.

வாயு லிங்கத்திடம் வேண்டிக்கொண்டால் காற்று சுத்தமாகுமா?
(செங்கம் வாசகி)

தாராளமாக வேண்டுங்கள். கற்பூரம் ஏற்றாமல்.

மார்கழி விடியற்காலையில் ஓசோன் தரையில் இறங்குவதால்தான் கோலம் போடச் சொன்னார்கள் என்கிறாரே என் மாமியார்?
(கீழ்பென்னாத்தூர் வாசகி)

வாட்ஸ்அப் பார்க்கிற மாமியார் போலிருக்கிறது. நம்மைக் காக்கும் ஓசோன் 20 கிலோமீட்டருக்கும் மேலே அங்கேயே இருக்கிறது. தரையருகே இருப்பது, வண்டிப் புகையில் வெயில் பட்டு உண்டாவது. அதனால் பிற்பகலில் அதிகம், விடியலில் ரொம்பக் குறைவு. இருக்கும் கொஞ்சமும் நுரையீரலை அரிக்கிற சரக்கு. மாறாக, மார்கழி விடியலில் உண்மையாகவே தரையருகே தங்குவது இரவு முழுக்கச் சேர்ந்த நுண்துகள்தான். பனி ஈரத்தில் துகள்கள் நீர் குடித்து ஊதும், மூட்டமும் கூடும். கோலம் அழகுக்காகப் போடுங்கள். அதற்கு ஓசோன் சாட்சி எதற்கு? மாமியாரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு மழை பெய்தால் எல்லாம் கழுவிவிடாதா?
(தேரடி வீதி வாசகர்)

பெரிய தூசியைக் கழுவும். அரை மைக்ரான் ஆசாமிகள் சாமர்த்தியசாலிகள். துளி விழும்போது விலகும் காற்றோடு தாங்களும் விலகிவிடுவார்கள். தூறல் போதாது, நீடித்த மழை வேண்டும். பலசமயம் மழையைவிட, அதோடு வரும் கடல் காற்றுதான் அதிகம் சுத்தம் செய்கிறது. ஆனால் 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேரை இழந்த ஊர் இது. அளவாகவே கேட்போம்.

தீபாவளிக்குப் பட்டாசு நேரம் காலை 6–7, இரவு 7–8. காற்றுக்கு எது நல்லது?
(வேட்டவலம் வாசகர்)

காலைதான். அப்போது மூடி இருந்தாலும், கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து பிரித்துவிடும். இரவுப் புகைக்கு அந்த மீட்பு வர மறுநாள் காலை ஆகும். எல்லாவற்றிலும் உத்தமம் பகல் 2 மணி. ஆனால் அந்த வெயிலில் கம்பி மத்தாப்பு கொளுத்திப் பேரனிடம் பெயர் வாங்கிய தாத்தா யாராவது இருந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.