கல்மண்டபத்துக்கு வடக்கே: நிறுத்தம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கல்மண்டபத்தில் கார் வைத்திருக்கும் குடும்பத்தில் "ஒருநாள் எங்கேயாவது போகலாம்" என்றால், வண்டி தானாகவே தெற்கே திரும்பி ஈ.சி.ஆர். ஏறி மகாபலிபுரத்தில் போய் நிற்கும். வடக்கே ஏன் திரும்புவதில்லை என்பதை அறிஞர் எவரும் ஆராயவில்லை. அந்தக் குறையைக் களையவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: கல்மண்டபம் முதல் பழவேற்காடு வரை, ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்.

நிறுத்தம் இருவகைப்படும். நாமே நிற்பது தன்வினை. நம்மை நிற்க வைப்பது பிறவினை. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டாவதே பெரும்பான்மை. தொல்காப்பியர் அந்தப் பக்கம் வந்திருந்தால் கன்டெய்னர் லாரிக்குத் தனி இயலே ஒதுக்கியிருப்பார்.

தன்வினையில் முதலாவது ராயபுரம் ரயில் நிலையம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ஆனால் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் இதைப் பார்க்க வேண்டிய இடமாக எந்தக் குடும்பமும் ஒப்புக்கொண்டதில்லை. காலடிப்பேட்டை கல்யாண வரதராஜர் கோயிலோ பயணத்தையே ரத்து செய்யப் பிறந்தது. தன்னிடம் வேலை பார்த்தவர் காஞ்சி வரதரைத் தரிசிக்க ஓயாமல் நடந்துகொண்டிருக்க, கவர்னர் காலெட் இங்கேயே ஒரு பெருமாளை அமர்த்திவிட்டதாகக் கதை. திட்டமிடலில் இதைவிடச் சிக்கனமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஆய்வின் இதயப் பகுதி. வடக்கே ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராக இருக்கிறது. வகுத்தவர் எந்தச் சுற்றுலாக் கழகத்தாரும் அல்லர். பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்த நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என மூன்று சக்திகளும் ஒரே நாளில். வீட்டில் அத்தை இந்த மரபைச் சேர்ந்தவர். சித்தப்பா மைலேஜ் மரபு. அவர் எழுப்பும் ஆட்சேபம் இது: மீஞ்சூர் பக்கம் இருக்கும் மேலூருக்குப் போகத் திருவொற்றியூரைத் தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்டிப் போய், அதே கோயிலுக்கு அதே சாலையில் ஏன் திரும்பி வர வேண்டும்?

"அக்கா, போற வழிலயே கும்பிட்டுட்டுப் போலாம்ல?"

"அம்மன் பெட்ரோல் கணக்கு பாக்க மாட்டாடா."

இருநூறு பக்க ஆய்வேடும் இந்த விடைக்கு மறுப்பு தர முடியாது. ஆனால் லாரி தரும். மேலூரிலிருந்து திரும்பும்போது, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எண்ணூரிலேயே வழி மறிக்கின்றன. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் அந்நாட்டின் வடக்கே உரோமானியர் கி.பி. 122-இல் எழுப்பத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க மூன்று மணி நேரம் கார் ஓட்டினானாம். நமக்குச் சுவர் வாசலுக்கே வருகிறது, அதுவும் சக்கரம் வைத்து. பத்தடி தள்ளி ஒரு டிரெய்லர் ஓட்டுநர் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து ஸ்டவ்வைப் பற்றவைத்து, அரிசி களைந்த தண்ணீரை டயர் மேல் ஊற்றுகிறார். உலை கொதித்து, சோறு வடித்து, ரசமும் தாளித்தாகிவிட்டது. நம் கார் அதே இடத்தில். திருவொற்றியூரில் நடை சாத்துவார்களே என்று அத்தை மணி பார்க்கிறார். பிள்ளைகளின் அவசரம் வேறு தனி ரகம்: அவர்கள் கணக்கில் பார்க்கத் தகுந்த இடம் ஒன்றே, பெட்ரோல் பங்க் கழிப்பறை.

பழவேற்காட்டைப் பௌர்ணமியன்று சேர்க்க இயலாது; விரதத்துக்கும் இறாலுக்கும் ஒத்துவராது. ஞாயிறு உகந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் ஜார்ஜ் கோட்டைக்கு அது 27 வயது மூத்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான். கல்லறைத் தோட்டம் பிழைத்திருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், கூடவே மணற்கடிகாரம். கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தும் சித்தப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆதாரம் கிடைக்காது. ஆனால் அவர் காரை விட்டே இறங்குவதில்லை. பிறகு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. பருவத்தில் பூநாரைகள் வரும்.

எஞ்சியிருப்பது ஒரே சிக்கல், அது புறப்பாட்டிலேயே எழுகிறது. ஞாயிறு விடியலில் ஊரே மீன் வாங்கக் காசிமேட்டுக்கு வருவதால் தெருமுனையிலேயே வண்டி நகராது. கூடைகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே, ஐஸ் தண்ணீர் சொட்டும் ஆட்டோவின் பின்னால் நின்றபடி சித்தப்பா தம் இறுதி வாதத்தை வைக்கிறார்: இறால் இங்கேயே கிடைக்க, அதை வாங்க ஐம்பது கிலோமீட்டர் எதற்கு?

"அது ஏரி இறால்டா. ஆரன் அடி."