அரைநாள் ஆயா சாஸ்திரம்

பெண் பார்ப்பதற்கும், மனை பார்ப்பதற்கும், மாட்டுக்குச் சுழி பார்ப்பதற்கும் விரிவான சாஸ்திரங்களை வகுத்துவைத்த நம் முன்னோர்கள், ஒன்றரை வயதுப் பிள்ளையைக் காலை ஏழரை மணி தொடங்கிப் பகல் ஒரு மணி வரையில் யாரிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போவது என்னும் விஷயத்தில் மாத்திரம் ஏனோ மௌனம் சாதித்துவிட்டார்கள். பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கிறது. பிள்ளையை வாங்கிக்கொள்ளும் ஆயாவின் கையை முதல் நாளே பிள்ளை கடித்துவைத்தால் என்ன பலன் என்பதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் இடமில்லை. இக்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, ஒரு முனையில் கிள்ளானையும் மறு முனையில் பிரிக்பீல்ட்ஸையும் எல்லையாகக் கொண்ட நிலப்பரப்பை ஆராய்ச்சிக் களமாக வரித்துக்கொண்டு, பூர்வபக்ஷங்களை நிராகரித்து, சித்தாந்தத்தை ஸ்தாபிக்க முற்படுகிறோம்.

முழுநாள் காப்பகம் இவ்வாராய்ச்சியின் வரம்புக்குள் வராது. முழுநாளும் பிள்ளையை விட்டாக வேண்டியவர்களுக்குத் தத்துவ விசாரம் செய்ய அவகாசம் இல்லை. இடம் கிடைத்தால் போதுமென்று முன்பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். காலை நேரப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், பாதிநேரக் கணக்கு வேலை பார்க்கும் தாய்மார்கள், 'மத்தியானத்துக்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன், காலையில் எனக்குக் கோவிலுக்குப் போக வேண்டும்' என்று நிபந்தனை விதித்துவிட்ட பாட்டிமாரின் மருமகள்கள் ஆகியோரே தெரிவு என்னும் துன்பத்துக்கு உரியவர்கள்.

இனி, அரைநாள் என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்பதை முதற்கண் ஆராய்வோம். மேலைநாட்டார் இதில் உரிமை கொண்டாட இடமில்லை. 1844-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிர்மேன் மார்போ என்பவர் தொடங்கிய முதல் குழந்தைக் காப்பகம், வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் முழு வேலைநாளை உத்தேசித்து எழுந்தது. மலாயாத் தமிழர்களின் அரைநாளோ ரப்பர் மரத்திலிருந்து வந்தது என்பது எமது துணிபு. ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்தும், வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழப்பதால் குறைந்தும் போகின்றமையால், சூரியன் எழுமுன் வெட்டினால்தான் மங்கில் பால் நிறையும். ஆகவே இருட்டோடு பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. பெரட்டுக்கு முன்னே, தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓட்டம். வெட்டு முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஏறக்குறைய உச்சிப்பொழுது. கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்களை, மரம் வெட்டும் வயதைக் கடந்துவிட்ட கிழவியொருத்தி ஒன்று மாற்றி ஒன்றாக ஆட்டிக்கொண்டு வருவாள். கடைசித் தொட்டிலுக்கு வரும்போது முதல் தொட்டில் விழித்துக்கொள்ளும். அந்த வேலைநாளின் அளவை நிர்ணயித்தவர் தோட்டத் துரையும் அல்லர், கிராணியாரும் அல்லர், மரம்.

1877-ஆம் ஆண்டில் இருபத்திரண்டு ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களை இப்பயிருக்குத் திருப்ப ஓயாமல் பாடுபட்டமையால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டத்தையும் பெற்றார். அவரை மலாயாவின் அரைநாள் குழந்தைக் காப்பகத்தின் ஆதிகர்த்தா என்று கொள்வதற்கு இதுவரை எந்தச் சரித்திர ஆசிரியரும் துணியவில்லை, யாம் துணிகிறோம். அப்பெருமகனார் நூறாண்டு வாழ்ந்தவர் என்பதும், விவாகம் செய்துகொண்டதே எண்பத்து மூன்றாம் வயதில்தான் என்பதும், பிள்ளை விஷயத்தில் அவருக்கிருந்த நிதானத்தைக் காட்டும்.

புக்கிட் ராஜா போன்ற தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, லயத்துப் பிள்ளைகளின் பேத்திகள் கே.எல். சென்ட்ரலில் மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் இக்காலத்தில், மரம் போய்விட்டது. அரைநாள் மாத்திரம் காரணம் இழந்த காரியமாய் நின்றுவிட்டது. ஆபீஸ் என்னும் மரத்துக்குப் பால் எந்த வேளையில் சுரக்கும் என்பதை ஒருவரும் அறியார். சில நாட்களில் மாலை ஆறு மணிக்குத்தான் சுரக்கத் தொடங்குகிறது. இக்கட்டுரை விசாரிக்கும் சங்கடங்கள் அனைத்துக்கும் மூலம் இதுவே.

சட்டப் பிரமாணத்தையும் நோக்குவோம். 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வந்து, ஊதியத்துக்காகப் பார்த்துக்கொள்ளப்படும் இடமே 'தாஸ்கா' என்று இலக்கணம் கூறி, அதனைச் சமூகநல இலாகாவில் பதிவு செய்யப் பணிக்கிறது. ஓராண்டு நிறையாத பிள்ளைகள் மூவருக்கு ஓர் ஆயா. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குட்பட்டோர் ஐவருக்கு ஓர் ஆயா. மூன்றிலிருந்து நான்கு வரையில் பத்துப் பேருக்கு ஓர் ஆயா என்பது 2012-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த கணக்கு. நமது பாட்டியல் நூலார் இவ்வளவு முரட்டுத்தனமாகப் பகுக்கவில்லை. பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களை மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதத்துக்குள்ளேயே அடுக்கிவைத்த அவர்களது நுண்மை, சட்டத்தின் நடுவகுப்பிலே அடங்கிய ஐந்து பிள்ளைகளை ஒரே அறையில் கண்டவர்களுக்கே விளங்கும். ஒன்று அம்புலிப் பருவத்தது. சுழலும் மின்விசிறியை நிலவென்று மயங்கி அதைக் கீழே இறக்கித் தரும்படி வற்புறுத்திக்கொண்டிருக்கும். ஒன்று சிற்றில் பருவத்தது. அடுத்த பிள்ளை அடுக்கிய கட்டைகளைக் காலால் எற்றும். சிறுபறைப் பருவத்தது மைலோ டின்னைக் கரண்டியால் அடிக்கும்; சிறுதேர்ப் பருவத்தது சக்கர வண்டியை எல்லார் கால்மீதும் இழுத்துச் செல்லும். ஐந்தாவது பிள்ளை கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, தாய் போன திசையை நோக்கி அழுதுகொண்டிருக்கும். இதற்குரிய பருவம் பாட்டியல்களில் இல்லை. தெய்வத்தையும் அரசரையும் பிள்ளையாகப் பாவித்துப் பாடிய புலவர்கள், பாட்டுடைத் தலைவரை எவரும் வாசலில் விட்டுவிட்டுப் பஸ் பிடிக்க ஓடியதாகக் கற்பனை செய்ய இயலாமற் போனதே காரணம் ஆகலாம். பதினொன்றாவதாக 'வாயிற்பருவம்' ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி வித்துவான்களைக் கேட்டுக்கொண்டு மேலே செல்கிறோம்.

இடம் பற்றிய விவாதத்தில் இரண்டு மதங்கள் உண்டு. வீட்டுக்கு அருகே விட வேண்டும் என்பது கிள்ளான் மதம். வேலையிடத்துக்கு அருகே விட வேண்டும் என்பது பிரிக்பீல்ட்ஸ் மதம். கிள்ளான் மதத்தார், பிள்ளை காலைத் தூக்கம் கலையாமல் அடுத்த தெருவுக்குப் போகலாம், ஆபத்துச் சமயத்தில் பாட்டி நடந்தே போய்த் தூக்கி வரலாம் என்பார்கள். ஆனால் பதினொரு மணிக்கு ஆயாவின் தொலைபேசி வந்து, 'கையிலே காலிலே கொப்புளம் மாதிரி இருக்கும்மா, வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுங்க' என்று சொல்லும்போது தாய் ஒரு மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால் இருப்பாள் என்பதும், கை கால் வாய்ப்புண் நோய் வந்த பிள்ளையை எந்தத் தாஸ்காவும் ஒரு நாழிகை கூட வைத்துக்கொள்ளாது என்பதும் அவர்களுடைய வாதத்தின் ஓட்டைகள். பிரிக்பீல்ட்ஸ் மதத்தாரோ பிள்ளையையே கொமுட்டரில் ஏற்றுகிறார்கள். 2010 முதல் அந்த ரயிலில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி விட்டிருப்பது அவர்களுக்குப் பேருதவி; எனினும் ஷா ஆலம், சுபாங் ஜெயா வரையில் சக பிரயாணிகளின் கைப்பைகளை ஆராய்ந்துகொண்டு வரும் பிள்ளை, சரியாகக் கே.எல். சென்ட்ரலை நெருங்கும்போது தூங்கிப்போகும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜாலான் துன் சம்பந்தனின் பூக்கடைகளையும் அப்பம் சுடும் புகையையும் கடந்து நடப்பவள், தன் பாட்டி ஆயாக் கொட்டகைக்கு நடந்த அதே நடையையே நடக்கிறாள். கையில் பால் வாளிக்குப் பதிலாக மடிக்கணினி.

கணக்கிட்டுப் பார்த்தாலும் சமாதானம் இல்லை. ஏழரையிலிருந்து ஒன்று வரை ஐந்தரை மணி நேரம். கிள்ளான் மதத்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி கழிந்தால் மூன்றரை. காலைப் பசியாற அரைமணி விட்டால் மூன்று. அரைநாள் என்று விற்கப்படுவது வாங்குபவரின் கைக்கு வரும்போது கால்நாளாகத் தேய்ந்துவிடுகிறது. பெடரல் நெடுஞ்சாலையை நம்பிக் காரில் போகிறவர்களின் கணக்கை இங்கே எழுதி வாசகர்களின் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை.

கட்டண விஷயத்திலும் இதே மாயை உண்டு. அரைநாள் கட்டணம் முழுநாள் கட்டணத்தில் பாதியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன பெற்றோர், அட்டையில் எழுதியிருப்பதைக் கண்டு ஆயாவின் பேராசை என்று முணுமுணுப்பது வழக்கம். இது அநியாயம். ஐவருக்கு ஓர் ஆயா என்னும் விதியில் அரைப்பிள்ளை என்றொரு எண் இல்லை. காலையில் ஒரு பிள்ளை ஓர் இடத்தை அடைத்துக்கொண்டுவிட்டால், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அந்த இடத்தை நிரப்புவதற்கு மத்தியானத்தில் மாத்திரம் பிறக்கும் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆயாவின் சம்பளமும் கட்டடத்தின் வாடகையும் ஒரு மணியோடு நின்றுவிடுவதும் இல்லை. இதைக் காட்டிலும் கொடுமை, அந்த ஒரு மணி. சோறு உண்டு, முகம் கழுவி, பவுடர் பூசி, ஸ்பிரிங் தொட்டிலில் கிடத்தி, பிள்ளை அன்றைக்கு முதல் முறையாகச் சாதுவாய்க் கண்மூடும் அந்த முகூர்த்தத்தில்தான் அரைநாள் முடிகிறது. முழுநாள் பிள்ளையின் உறக்கத்தை ஆயா அநுபவிக்கிறாள். அரைநாள் பிள்ளை விழித்திருக்கும் நேரம் முழுவதையும் அவள் தாங்கிவிட்டு, உறங்கும்போது கொடுத்துவிடுகிறாள். இந்நிலையில் பாதிக்குச் சற்று மேற்பட்ட கட்டணம் அதிகம் என்று நாம் கருதவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறையாவது: பிரத்தியக்ஷம், அநுமானம், ஆப்தவாக்கியம் என்னும் பிரமாணங்களுள் ஆப்தவாக்கியம் மாமியாருடையது, அதைத் தனியே எடுத்து ஆராய இடமில்லை. பிரத்தியக்ஷத்தில் பலர் தவறுவது நேரத்தில். காலை பத்து மணிக்குப் பார்க்கப் போனால் தரை துடைத்திருக்கும், சுவரில் வண்ணத்துப்பூச்சி ஒட்டியிருக்கும், பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அது கல்யாணத்துக்கு முந்திய மாப்பிள்ளையின் முகம். பன்னிரண்டரைக்குப் போக வேண்டும். தரையெங்கும் பருக்கை, ஒரு பிள்ளை கஞ்சிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதன் விளைவுகளை யோசித்துக்கொண்டிருக்கும், ஆயா ஒரு கையால் அதன் தலையைத் துடைத்து, மறு கையால் இன்னொன்றுக்கு ஊட்டி, முழங்காலால் மூன்றாவதைத் தடுத்து நிறுத்தியிருப்பாள். அப்போது அவள் குரல் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதைக் கேட்டால் போதும். ஆயாக்களின் எண்ணிக்கை விதிப்படி இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் சின்னச் செருப்பு ஐந்து ஜோடிக்குப் பெரிய செருப்பு ஒரு ஜோடி உண்டா என்று எண்ணினால் தெரிந்துவிடும். மூவருக்கு ஓர் ஆயா வேண்டிய கைக்குழந்தைகள் செருப்பே அணிவதில்லை என்பது இம்முறையின் ஒரே தோஷம்.

அநுமானத்துக்கு மேரி ஏன்ஸ்வொர்த் என்னும் அம்மையாரின் துணை உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில், ஒரு வயதை ஒட்டிய பிள்ளைகளை அறையில் விட்டுத் தாயைச் சில நிமிஷம் வெளியே போகச் செய்து, மீண்டும் வரச் செய்து அவர் நடத்திய பரிசோதனையில், பிரியும்போது பிள்ளை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பி வந்தபோது அவளிடம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கே முதன்மை அளித்தார். ஆகவே காலையில் கேட்கும் அழுகையைப் பிரமாணமாகக் கொண்டு காப்பகத்தை மாற்றுவது சாஸ்திர விரோதம். ஒரு மணிக்குப் பிள்ளை எப்படி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் நலம். ஆயாவின் இடுப்பை விட்டு இறங்க மறுத்தாலும் நலமே. தாய்க்குத்தான் அன்று முழுவதும் மனம் சரியிராது.

இவ்வளவு பிரமாணங்களையும் கைக்கொண்டு, தாம் ஆயாவைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிச் செல்லும் பெற்றோர் காணத் தவறுவது, அதே சமயத்தில் ஆயாவும் அவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை. பிரிக்பீல்ட்ஸின் பழைய அடுக்குமாடி வீடுகளில் இரண்டு மூன்று பிள்ளைகளை மாத்திரம் வைத்துப் பார்க்கும் ஆன்டிமார்கள் இவ்விஷயத்தில் சமூகநல இலாகாவைக் காட்டிலும் கண்டிப்பானவர்கள். 'சரியா ஒரு மணிக்கு வந்துடுவீங்களா, இல்ல ஜாம் ஜாம்னு சொல்லுவீங்களா?' என்று முதற் கேள்வி. 'வீட்டுல ஃபோனைக் குடுத்தாத்தான் சாப்பிடுமா?' என்று இரண்டாவது. இதற்குத் தாய் கூறும் விடையைவிட, விடை கூறுமுன் அவள் கணவன் முகத்தைப் பார்க்கும் பார்வையையே ஆன்டி குறித்துக்கொள்கிறாள். இத்தகையவரிடம் விட்டால், பதிவுபெற்ற தாஸ்காவுக்குக் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரையில் கிடைக்கும் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்று தந்தைமார் சொல்லிப் பார்ப்பதுண்டு. ஆனால் ரசஞ்சோறு பிசைந்து ஊட்டுகிற கை ஒன்று அகப்பட்டுவிட்டால், வரியைப் பற்றி எந்தத் தாயும் இரண்டாம் முறை பேசவிடுவதில்லை.

பேசி முடித்து, பிள்ளையும் மடியில் ஏறி உட்கார்ந்து, எல்லாம் கூடிவந்த சமயத்தில்தான் பலருக்கு அந்த இடி விழுகிறது. 'பிள்ளை நல்ல பிள்ளைம்மா. ஆனா என்கிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு. நாலாவது வந்தா தாஸ்கான்னு சொல்லி இலாகாக்காரங்க வருவாங்க, பொம்பா வந்து தீயணைக்கிற சாமான் எங்கேன்னு கேட்கும். அந்த மூணாவது பையனுக்கு மார்ச்சில நாலு வயசாகுது. நம்பரைக் குடுத்துட்டுப் போங்க.'