சமைப்பவருக்கு நன்றி சேராமை: பொங்கல் விடுமுறையை முன்வைத்து ராணிப்பேட்டையில் ஓர் ஆய்வு

தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலில் நன்றிக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தை முதல் நாள் கதிரவனுக்கு. இரண்டாம் நாள் மாட்டுக்கு. அதே நாளில் திருவள்ளுவருக்கும். மூன்றாம் நாள் உழவர் திருநாள். நெல்லை விளையவைத்த எல்லோருக்கும் நன்றி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அரிசியை வேகவைத்தவருக்கு மட்டும் நாள் இல்லை. இந்த விடுபடல் தற்செயலா, மரபா என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

ஆய்வுக் களம் ராணிப்பேட்டை. 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஊர்ப்பெயரே முதல் சான்று. 1714இல் போரில் மாண்ட செஞ்சி தேசிங்குராஜனின் மனைவி உடன்கட்டை ஏறினாள். வென்ற ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அவள் நினைவாக இந்த ஊரை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. மரியாதை செத்த பிறகு கிடைத்தது. கிடைத்ததும் ‘ராணி’ என்ற பதவிக்குத்தான், அவள் பெயருக்கு இல்லை.

இரண்டாம் சான்று பாலாற்றுக்கு அக்கரையில், ஆற்காட்டில். 1751இல் ராபர்ட் கிளைவ் அங்குள்ள கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையில் கிடந்தார். தானியம் குறைந்தபோது இந்தியச் சிப்பாய்கள் அவரிடம் வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். 1840இல் மெக்காலே இதை எழுதிப் புகழ்ந்து தள்ளுகிறார்; கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. கதை எவ்வளவு உண்மையோ, ஏற்பாடு உண்மை. சோற்றை மற்றவருக்கு விட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அந்த முறை மாவட்டத்தின் சமையலறைகளில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மேல்தோலைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொங்கலுக்குத் தையல் மெஷின் நிற்கிறது; அவர்கள் நிற்பதில்லை. ஷிப்ட் அடுப்படிக்கு மாறுகிறது. (தோலுக்குப் பேர்போன ஊர் மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசி நன்றி சொல்வதில் உள்ள சங்கடத்தை இக்கட்டுரை கண்டும் காணாமல் கடந்து போகிறது.)

ஆனால் வீட்டில் நன்றியே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். அது மாறுவேடத்தில் திரிகிறது. காணும் பொங்கலன்று கறிக்குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்த கொழுந்தனார், “அண்ணி, உப்பு ஒரு கல்லு கம்மிதான்” என்கிறார். சொல்லிக்கொண்டே, “இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க” என்று தட்டை நீட்டுகிறார். முதல் வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் தவறான முடிவுக்கு வருவார். நீட்டிய தட்டுதான் தரவு.

பாத்திரங்கள் இன்னும் நேர்மையானவை. பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டு பாயம்மா பிரியாணி கொடுத்தனுப்பிய தூக்கு வெறுமனே திரும்பாது. பொங்கல்வரை பரணில் காத்திருந்தாவது சர்க்கரைப் பொங்கலோடுதான் போகும். அங்கே வரவேற்பு, “எதுக்கும்மா இதெல்லாம்?” என்ற அதட்டல். ஊருக்குத் திரும்பும் உறவினர் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தாலும் அதே அதட்டல். அது வராவிட்டால்தான் கொடுத்தவர் கவலைப்பட வேண்டும்.

நேரடி நன்றியைப் பற்றி ஒரே ஒரு பரிசோதனை போதும். விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவன், சாப்பிட்டு முடித்து, “தேங்க்ஸ் அத்தை” என்றால் வரும் பதில்: “எவ்வளவுடா வேணும்?”

எனவே தை நான்காம் நாளை ‘சமைப்பவர் பொங்கல்’ ஆக்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. எந்த வீட்டு மாமாவும் இதை எதிர்க்கப்போவதில்லை. “நல்ல யோசனை, அன்னிக்கு என்ன சமையல்?” என்று மட்டும் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லக்கூடியவர் அன்று காலை ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போயிருப்பார். லீவு மூன்றாம் நாளோடு முடிகிறது.