டொமைன் பெயர் தேடலில் அபாவ விசாரம்

ஒரு டொமைன் பெயர் இருக்கிறதா என்று அறிய பைத்தான் மொழியில் மூன்று வரி போதும். முதல் வரி டிஎன்எஸ்பைத்தான் என்னும் லைப்ரரியை அழைக்கும். இரண்டாம் வரி பெயரைக் கொடுத்து வினவும். மூன்றாம் வரி வந்த விடையைத் திரையில் காட்டும். இந்த மூன்று வரிகளை அறிந்தோர் பலர். விடை வராதபோது வந்தது என்ன என்று ஆராய்ந்தோர் சிலர். விடை வராமை பல வகைப்படும் என்பதும், அவ்வகைகளில் பெரும்பாலானவற்றைத் தருக்க நூலார் என்றோ எண்ணி வைத்துவிட்டனர் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆதியில் இன்மை ஒரே வகையாகத்தான் இருந்தது. ஆர்ப்பாநெட் காலத்தில் வலையிலிருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் அடங்கின. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. ஏனையோர் அவ்வப்போது ஒரு படி இறக்கிக்கொண்டனர். பெயர் கோப்பில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கணினிகள் பெருகப் பெருகக் கோப்பும் பெருத்தது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பெயர்களை ஓரிடத்தில் குவிக்காமல் பலரிடம் பகிர்ந்து வைக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். 1987 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இரண்டு ஆவணங்களும் இன்றளவும் இத்துறையின் மூல நூல்கள். அவற்றுக்கு உரையும் உரைக்கு உரையும் வந்துகொண்டே இருக்கின்றன.

லைப்ரரியைப் பற்றி ஒரு சொல். கணினியில் நிறுவும்போது அதன் பெயர் டிஎன்எஸ்பைத்தான். ஸ்கிரிப்டுக்குள் அழைக்கும்போது வெறும் டிஎன்எஸ். பெயர் விவகாரத்துக்கென்றே எழுதப்பட்ட லைப்ரரிக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். வினவும் ஃபங்ஷனும் பல்லாண்டுகள் ‘குவெரி’ எனப்பட்டு, 2020-ல் வெளிவந்த 2.0 பதிப்பில் ‘ரிசால்வ்’ என்பதற்கு இடம்விட்டு ஒதுங்கியது. இது வெறும் பெயர் மாற்றம் அன்று. பழைய ஃபங்ஷனிடம் ‘மெயில்’ என்று மொட்டையாகக் கேட்டால், அலுவலக டொமைனைப் பின்னால் ஒட்டிப் பார்த்து, கேளாத பெயருக்கும் விடை கொண்டுவந்துவிடும். புதியது, அப்படிச் செய் என்று சொன்னாலொழியச் செய்யாது. பழைய ஸ்கிரிப்டுகள் இன்னும் பழைய பாடத்தையே ஓதிக்கொண்டிருக்கின்றன.

வினவும் முறை சுருக்கமானது. 12 பைட் தலைப்பும் அதன் பின் கேள்வியும் கொண்ட சிறு பொட்டலம் ஒன்று, வழக்கமாக யுடிபி வழியே 53-ஆம் போர்ட்டுக்குச் செல்லும். பெயர் மரத்தின் உச்சியிலுள்ள ரூட் சர்வருக்கு நேரே போகாது. லினக்ஸ் கணினியில் ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பு காட்டும் இடைநிலை சர்வரிடம் போகும். அதன் நினைவில் விடை இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் அது ரூட்டிலிருந்து படிப்படியாக இறங்கி விசாரித்துவந்து சொல்லும். விடை வந்துவிட்டால் ஆய்வாளருக்கு வேலையில்லை.

விடை வராதபோது லைப்ரரி எழுப்பும் எக்செப்ஷன்களில் அடிக்கடி தலைகாட்டுபவை நான்கு. அப்படியொரு பெயரே இல்லை என்பது என்எக்ஸ்டொமைன். பெயர் உண்டு, கேட்ட ரெக்கார்டு இல்லை என்பது நோஆன்ஸர். கேட்ட சர்வர்கள் எல்லாம் கைவிரித்துவிட்டன என்பது நோநேம்சர்வர்ஸ். குறித்த நேரத்துக்குள் யாரும் வாய் திறக்கவில்லை என்பது டைம்அவுட். தனியாகச் சொல்லாவிட்டால் இப்போதைய பதிப்புகளில் அந்த நேரம் 5 விநாடி. இந்நான்கையும் ஒரே வலையில் பிடித்து ‘டொமைன் இல்லை’ என்று அச்சிடும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். அவற்றின் ஆசிரியர்கள் தருக்கம் பயிலாதவர்கள்.

அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகம் (சிவஞான முனிவர் இதைத் தமிழில் பெயர்த்திருக்கிறார்) அபாவம், அதாவது இன்மை, நான்கு என்கிறது. உண்டாவதற்கு முன் ஒரு பொருள் இல்லாதிருப்பது பிராகபாவம். இருந்து அழிந்தபின் இல்லாதிருப்பது பிரத்துவம்சாபாவம். ஓரிடத்தில் முக்காலத்தும் இல்லாதிருப்பது அத்தியந்தாபாவம். குடம் ஆடை அன்று என்பதுபோல் ஒன்று மற்றொன்றாகாமை அன்னியோன்னியாபாவம். அங்கும் நான்கு, இங்கும் நான்கு என்பதால் ஒன்றுக்கொன்று நேர் பொருத்திவிடலாம் என்று தோன்றும். பொருந்தாது. அந்தப் பொருந்தாமைதான் சுவையானது.

முதல் மூன்று அபாவங்களுக்கும் லைப்ரரி தரும் விடை ஒன்றே. இன்னும் யாரும் பதிவு செய்யாத பெயருக்கு என்எக்ஸ்டொமைன். இன்வேலிட் என்று முடியும் பெயருக்கும் அதுவே; அப்படி முடியும் பெயர் என்றென்றும் இருக்கக்கூடாது என்று 1999-ல் ஆர்எஃப்சி 2606 ஒதுக்கிவைத்துவிட்டது. விதியால் நிறுவப்பட்ட அத்தியந்தாபாவத்துக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இருந்து அழிந்ததற்குத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிறமொழி எழுத்துகளில் டொமைன் பெயர்கள் இயங்குமா என்று பார்க்க 2007-ல், டொமைன் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 11 மொழிகளில் சோதனைப் பெயர்களை ரூட்டில் ஏற்றியது. தமிழுக்கு வாய்த்தது ‘உதாரணம்.பரிட்சை’. சோதனை முடிந்து, இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்று தமிழில் முடியும் பெயர்களும் நிலைபெற்றபின், 2013-ல் சோதனைப் பெயர்கள் ரூட்டிலிருந்து நீக்கப்பட்டன. பரிட்சை என்னும் நான்கெழுத்தை இன்று லைப்ரரியிடம் கொடுத்தால், முறை தவறாமல் அதை எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் 18 ஆங்கிலக் குறிகளாக மாற்றி, முறைப்படி வினவி, அப்படியொன்று இல்லை என்று சொல்லும். இருந்து போனதா, இனி வரப்போவதா, எக்காலத்தும் இல்லாததா என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு ஹூயிஸ் அல்லது அதன் வாரிசான ஆர்டேப் வழியே பதிவேட்டைத்தான் விசாரிக்கவேண்டும்.

பிரத்துவம்சாபாவத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பது தருக்க நூலார் கொள்கை. உடைந்த குடம் மீண்டும் அதே குடமாகாது. டொமைன் பெயரில் இது செல்லாது. புதுப்பிக்காமல் விடப்பட்ட டாட் காம் பெயர் நீக்கப்பட்டதும் 30 நாள் மீட்புக் காலத்தில் கிடக்கும். அந்நாட்களில் வினவினால் என்எக்ஸ்டொமைன்தான் வரும். பதிவேட்டிலோ பெயர் பழைய உரிமையாளருக்காகக் காத்திருக்கும். அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். அழிந்தது அதே பெயரோடு, வேறொருவர் கையில் எழும்.

நோஆன்ஸர் வேறு சாதி. இதற்கு வரும் டிஎன்எஸ் விடையில் ‘பிழையில்லை’ என்றே குறித்திருக்கும்; விடைப் பகுதி மட்டும் காலியாக இருக்கும். நிலம் உண்டு, நிலத்தில் குடம் இல்லை என்னும் தருக்க நூல் உதாரணம் இதற்கென்றே செய்ததுபோல் அமைகிறது. பெயர் நிலம், எம்எக்ஸ் என்னும் அஞ்சல் ரெக்கார்டு குடம். எம்எக்ஸ் இல்லையென்றவுடன் மின்னஞ்சல் முகவரி போலி என்று முடிவுகட்டும் ஸ்கிரிப்ட் இங்கே சறுக்கும். எம்எக்ஸ் இல்லாத பெயருக்கு அதன் சாதாரண முகவரிக்கே அஞ்சலை அனுப்பிப் பார்க்கலாம் என்பது விதி. அஞ்சலே வேண்டாம் என்பவர்களுக்காக 2015-ல் ஆர்எஃப்சி 7505 ஒரு வழி சொன்னது: எம்எக்ஸ் ரெக்கார்டில் சர்வர் பெயருக்குப் பதில் ஒரே ஒரு புள்ளி. இதற்கு எக்செப்ஷன் எழாது. லைப்ரரி சுழியம் என்ற முன்னுரிமையோடு ஒரு புள்ளியை விடையாக ஒப்படைக்கும். அபாவத்தையும் ஏழாவது பதார்த்தமாக, அதாவது ஒரு பொருளாகவே, கொள்ளும் தருக்க நூலார் இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

இன்மை ஒரு பொருள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இடைநிலை சர்வர் ‘இல்லை’ என்ற விடையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2308 இதற்கு இலக்கணம் வகுத்து, ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை வைத்திருப்பது நன்று, ஒரு நாளைத் தாண்டினால் தொல்லை என்கிறது. பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே ஆவல் தாங்காமல் ஒருமுறை வினவிப் பார்த்தவருக்கு, பதிவு செய்தபின்னும் சிறிது நேரம் ‘இல்லை’ என்றே வரக்கூடும். பிறந்த பிள்ளைக்கும் பிராகபாவம் தொடர்வது டிஎன்எஸ்ஸில் மட்டுமே காணத்தக்கது.

டைம்அவுட் அபாவமே அன்று. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் காணப்படாததையே இல்லை என்று துணியலாம் என்பது பழைய நிபந்தனை. இருட்டறையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை என்று ஆகாது. விளக்கு இல்லை என்பதே ஆகும். மணிமேகலை அபாவத்தை அளவைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆயினும் 5 விநாடி மௌனத்தை எந்த வாதியும் அளவையாகக் கொள்ளமாட்டார். நோநேம்சர்வர்ஸும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டுக்கும் உரிய செயல் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்பதுதான்.

எஞ்சியது அன்னியோன்னியாபாவம். இதற்கு லைப்ரரியில் எக்செப்ஷன் கிடையாது. ஓர் எழுத்துப் பிழையோடு பெயரைத் தட்டினால், அந்தப் பிழைப் பெயரையும் எவரோ வாங்கி வைத்திருந்தால், விடை ஒழுங்காக வரும். வந்தது தேடியது அன்று என்பது மட்டும் தெரியவராது. இவ்வபாவம் ஒருமுறை ஏனையவற்றையெல்லாம் விழுங்கியது. 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி, டாட் காம், டாட் நெட் பதிவேடுகளை நடத்திய வெரிசைன் நிறுவனம், அவற்றில் இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும் தன்னுடைய முகவரியையே விடையாகத் தரத் தொடங்கியது. சைட் ஃபைண்டர் என்று அதற்குப் பெயர். டாட் காமில் இல்லாத பெயரே இல்லை என்றாயிற்று. அனுப்பியவரின் டொமைன் இருக்கிறதா என்று பார்த்துக் குப்பை அஞ்சலைத் தடுத்துவந்த சோதனைகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை நம்பி எத்தனை நிரல்கள் இருந்தன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பைண்ட் என்னும் டிஎன்எஸ் சர்வர் மென்பொருளை ஆக்கியோர் அந்தப் பொய் ‘உண்டு’களை மீண்டும் ‘இல்லை’களாக மாற்றும் திருத்தத்தை வெளியிட்டனர். ஐகான் வற்புறுத்தியபின் அக்டோபர் 4-ஆம் தேதி சேவை நிறுத்தப்பட்டது.

‘இல்லை’யை மெய்ப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு, டிஎன்எஸ் விடைகள் மெய்யென்று காட்ட அவற்றில் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் முறை விடை வைத்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்திட முடியாது. எனவே அகரவரிசையில் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பெயர்களைக் காட்டி, இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை என்று கையெழுத்திடுகிறது என்செக் ரெக்கார்டு. இல்லாததைக் கேட்டவருக்கு இருப்பவை இரண்டு இலவசமாகத் தெரிந்துவிடும். பொறுமையுள்ள ஸ்கிரிப்ட் இப்படிக் கேட்டுக் கேட்டே பட்டியல் முழுவதையும் எடுத்துவிடலாம். இதற்கு அஞ்சி, பெயர்களை ஹாஷ் செய்து மறைத்துக் காட்டும் என்செக்3 2008-ல் வந்தது.

லைப்ரரியில் ஐந்தாவதாக ஒய்எக்ஸ்டொமைன் என்ற எக்செப்ஷனும் உண்டு. ஒரு பெயர்க் கிளை முழுவதையும் வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் டிநேம் ரெக்கார்டு, மாற்றி வைத்த பெயரை 255 பைட் என்ற எல்லைக்கு மேல் நீளச் செய்துவிட்டால் இது எழும். பெயர் இல்லாமையால் அல்ல, அளவு மீறி இருப்பதால் வரும் மறுப்பு இது. தருக்கசங்கிரகத்தில் இதற்கு இடமில்லை.