தண்ணீர்க் குழாயும் தனுர்வேதமும்

புராணங்களைப் புரட்டிப் பார்த்தால் வில்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த வில்லை எப்படிச் செய்தார்கள், அதற்கு என்ன செலவாயிற்று என்ற லௌகிக விஷயங்களைக் கேட்டால் மாத்திரம் நம் முன்னோர் மௌனம் சாதித்துவிடுகிறார்கள். அர்ச்சுனனுக்குக் காண்டீபம் வேண்டியிருந்தபோது, அக்கினி பகவான் கேட்டுக்கொள்ள, வருணன் கொண்டுவந்து கொடுத்தான். மிதிலையில் இருந்ததோ சிவபெருமானுடைய வில். குருநாதரையே மண்ணால் செய்துகொண்ட ஏகலைவன் தன் வில்லை எதனால் செய்துகொண்டான் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆதலால், கரைத்தீவில் குடியிருந்துகொண்டு, முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டைக் காக்கைகளிடமிருந்து காக்கும் பொருட்டு வில்லொன்று செய்வதென்று சங்கற்பம் செய்துகொண்டவனுக்கு, வருணனுடைய சமுத்திரம் வாசலிலேயே இருந்தும், புத்தளத்து ஹாட்வெயார் கடையைத் தவிர வேறு புகலிடம் கிடையாது.

முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், தடித்த சுவருள்ளதாக, ஆளுயரத்துக்கு வேண்டுமென்று கேட்டேன்.

“என்ன மாஸ்டர், தண்ணி லைனுக்கா?”

“இல்லை முதலாளி, வில்லுக்கு.”

அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “அப்ப எல்போ, சொக்கட் ஒண்டும் தேவைப்படாதே?” என்று கேட்டுவிட்டு, வியாபாரம் குறைந்த வருத்தத்தோடு குழாயை அறுத்துக் கொடுத்தார்.

இத்தகைய சம்பாஷணைக்கெல்லாம் இடம் வைக்காத வாடிக்கைக்காரர்கள் இதே இலங்கையில் இருந்திருக்கிறார்கள். 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் வடக்கே அரிப்புக் கோட்டைக்குத் தப்பிவந்து சேர்ந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், வேடர்கள் அம்பு வாங்கிய விதத்தைத் தமது நூலில் எழுதியிருக்கிறார். வேண்டிய அம்பின் வடிவத்தை ஓர் இலையில் வெட்டி, இறைச்சியோடு சேர்த்து, இரவோடு இரவாகக் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுப் போய்விடுவார்களாம். கொல்லன் சொன்னபடி செய்து வைத்தால் பின்னும் இறைச்சி வரும்; செய்யாவிட்டால் இன்னோர் இரவில் அம்பே வரும். எல்போ வேண்டுமா என்று அந்தக் கொல்லன் கேட்டிருக்கமாட்டான்.

செய்முறையைச் சொல்கிறேன். பி.வி.சி. என்பது சுமார் 80 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் வஸ்து. சிரட்டைத் தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் குழாயைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தால், விறைப்பெல்லாம் போய், உரித்த பனங்கிழங்குபோல் துவளும். அப்போது நுனிகளை இரண்டு பலகைகளுக்கிடையே வைத்து மிதித்துத் தட்டையாக்கி, ஈரச் சாக்கால் ஒற்றி ஆறவிட வேண்டும். கருகவிடலாகாது; கருகினால் எழும் புகை, அமில வாயு கலந்து, தொண்டையை அறுக்கும். ஆங்கிலேயர்கள் யூ மரத்தில் வில் செய்தபோது, உள்வைரம் நெருக்கத்தைத் தாங்க, வெளிவெள்ளை இழுப்பைத் தாங்க, இரண்டும் ஒரே துண்டில் அமைந்திருந்தன. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலிலிருந்து அத்தகைய விற்கள் நூற்றுக்கு மேல் நம் காலத்தில் மீட்கப்பட்டிருக்கின்றன. நமது குழாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாணேற்றிய கோலத்தில் நண்பகல் வெயிலில் விட்டுவைத்தால், மாலைக்குள் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

நாணுக்கு மாத்திரம் இவ்வூரில் குறைவில்லை. வாடியிலிருந்த சம்மாட்டி ஐயா, வலைநூலைப் பல இழையாக முறுக்கித் தந்ததோடு, நைலோன் நீளும் குணமுள்ளதென்றும், ஓர் இரவு கல்லைக் கட்டித் தொங்கவிட்ட பிறகே நாணாகக் கட்டவேண்டுமென்றும் உபதேசித்து, அவிழாத முடிச்சொன்றையும் போட்டுக் காட்டினார். துரோணரிடம் இப்படி ஒரு பாடம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சங்கடமெல்லாம் அம்பில்தான். அம்பு மூங்கிலிலேயே அமைந்துவிடும். ஆனால் அது நேரே பறக்க வேண்டுமானால் வால்பக்கத்தில் மூன்று இறகுகள் வேண்டும். மூன்றும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாகவும் இருக்கவேண்டும் என்பது சாஸ்திரம். இடமும் வலமும் கலந்தால் அம்பு தடுமாறும். யாரை விரட்டுவதற்காக இவ்வளவு பிரயத்தனமோ, அந்தக் காக்கையாரின் இடச்சிறகு இறகுகளைத் தென்னையடியில் குனிந்து தேடித் திரிந்தபோது, அவரும் அவர் சுற்றத்தாரும் மேலே ஓலையில் அமர்ந்து, கருவாட்டைச் சௌகரியமாகப் புசித்துக்கொண்டே என்னைப் பார்வையிட்டார்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். வில்லைக் கையில் தூக்கியதுமே காக்கைகள் பறந்துவிடுகின்றன. அம்பு தொடுப்பதற்கு அவை அவகாசமே கொடுப்பதில்லை. கிழிந்த குடையைத் தூக்கினாலும் பறந்துவிடுகின்றன என்று என் மனைவி பரிசோதித்து நிரூபித்திருக்கிறாள். ஆகையால் தும்பு அடைத்த சாக்கொன்றே இப்போது எனக்கு இலக்கு. அது நகர்வதில்லை, பரிகாசம் செய்வதுமில்லை.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், செலவைப் பற்றி அஞ்சவேண்டாம். ஒரு கிலோ கட்டாக் கருவாட்டின் விலைகூட ஆகாது. அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து விடாதீர்கள், வில் முறிந்து முகத்தில் தெறிக்கும். சாக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். கருவாட்டை மட்டும் வலை போட்டு மூடிவிடுங்கள்.